வாசகர் கேள்வி பதில்: நூலக அட்டையில் ஒரு பெயர்

கேள்வி: என் மகள் ஒன்பதாம் வகுப்பு. 'விஸ்பர் ஆஃப் தி ஹார்ட்' என்ற ஜப்பானிய அனிமேஷன் படத்தை நாலு தடவை பார்த்துவிட்டாள். பள்ளிக்கூடக் காதல் கதையாமே, இந்த வயதில் பார்க்க விடலாமா?

பதில்: தாராளமாக விடுங்கள். ஐந்தாவது தடவை நீங்களும் பக்கத்தில் உட்காருங்கள்.

1995இல் ஸ்டூடியோ ஜிப்லி எடுத்த படம் அது. டோக்கியோவின் மேற்குப் பக்கம் தாமா பகுதியில், மேடும் பள்ளமுமான ஒரு ஊரில் நடக்கிறது. ஷிசுகு என்ற பெண் நூலகத்தில் எடுக்கும் ஒவ்வொரு புத்தகத்திலும், எடுத்துப் போனவர்கள் பெயர் எழுதும் அட்டையில் அவளுக்கு முன்னாலேயே ஒரு பையனின் பெயர் இருக்கிறது: சேய்ஜி. அவள் கண்ணில் தன் பெயர் படவேண்டும் என்பதற்காகவே அவன் அத்தனை புத்தகங்களைப் படித்திருக்கிறான் என்பது பிற்பாடு தெரியவரும். சரி, இதுவரை காதல் கதைதான்.

அப்புறம்தான் விஷயமே. சேய்ஜிக்கு வயலின் செய்யும் ஆசாரி ஆகவேண்டும், அதற்காக இத்தாலியில் கிரெமோனாவுக்குப் போய் இரண்டு மாதம் ஒருவரிடம் வேலை பழகப் போகிறான். அதைக் கேட்டதும் ஷிசுகுவுக்கு அவன் பிரியப்போகிறான் என்ற வருத்தத்தைவிட, 'இவனுக்கு ஒரு வழி தெரிந்திருக்கிறது, எனக்கு என்ன தெரியும்' என்ற கேள்விதான் பெரிதாக வந்து உட்கார்ந்துகொள்கிறது. அவன் திரும்பி வருவதற்குள் ஒரு கதை எழுதி முடிப்பது என்று இறங்குகிறாள். உயர்நிலைப் பள்ளி நுழைவுத் தேர்வு நெருங்கும் நேரம் வேறு, மதிப்பெண் சரிகிறது, அக்கா திட்டுகிறாள். அப்பா மட்டும் யோசித்துவிட்டு, உனக்குப் பட்டதைச் செய், ஆனால் எல்லாரும் போகிற வழியை விட்டுப் போனால் என்ன நடந்தாலும் யாரையும் குறை சொல்ல முடியாது என்கிறார். பெற்றோர் பார்க்கவேண்டிய இடம் இதுதான் என்பேன்.

எழுதி முடித்ததை சேய்ஜியின் தாத்தாவிடம் கொடுக்கிறாள். கரடுமுரடாக இருக்கிறது, இன்னும் முடியவில்லை, ஆனால் நன்றாக இருக்கிறது என்கிறார் அவர். அவள் உடைந்து அழுகிறாள். ஆசை மட்டும் போதாது, இன்னும் நிறையப் படிக்கவேண்டும் என்று அவளுக்கே புரிந்துவிடுகிறது. ஒரு பையனைப் பிடித்துப்போனதால் ஒரு பெண் இவ்வளவு தூரம் வந்து சேர்கிறாள். உங்கள் மகள் நாலு தடவை பார்த்தது இதற்காகவும் இருக்கலாம், அவளிடமே கேளுங்கள்.

கேள்வி: கடைசியில் சேய்ஜி அந்த வயதிலேயே ஷிசுகுவிடம் 'என்னைக் கல்யாணம் செய்துகொள்வாயா' என்று கேட்பது அதிகமாகத் தெரியவில்லையா?

பதில்: எனக்கும் அது அவசரமாகத்தான் பட்டது. எனக்கு அதற்குக் கொஞ்சம் முன்னால் வருகிற காட்சிதான் பிடிக்கும். விடியற்காலையில் அவளைச் சைக்கிளில் ஏற்றிக்கொண்டு மேட்டில் மூச்சுவாங்க மிதிக்கிறான், அவளோ சுமையாக உட்கார்ந்திருக்க முடியாது என்று குதித்து இறங்கிப் பின்னாலிருந்து தள்ளுகிறாள். அந்தக் காதல் எப்படிப்பட்டது என்று அங்கேயே தெரிந்துவிடுகிறது.

கேள்வி: இதே இயக்குநரின் வேறு படங்கள் உண்டா?

பதில்: யோஷிஃபுமி கொண்டோ இயக்கிய முழுநீளப் படம் இது ஒன்றுதான். திரைக்கதை ஜிப்லியின் புகழ்பெற்ற இயக்குநர் ஹயாவோ மியாசாகி எழுதியது. கொண்டோ 1998 ஜனவரியில், 47 வயதில் இறந்துபோனார். ஆனால் அவர் கையைப் பார்க்கவேண்டுமென்றால் 1988இல் வந்த 'கிரேவ் ஆஃப் தி ஃபயர்ஃப்ளைஸ்' என்ற ஜிப்லி படம் இருக்கிறது. அதில் வரும் அண்ணனையும் குட்டித் தங்கையையும் வடிவமைத்தவர் இவர்தான்.