தூரிகையைக் கேளுங்கள்

கேள்வி: திருவனந்தபுரம் மியூசியம் வளாகத்தில் கே.சி.எஸ். பணிக்கரின் ஓவியங்களைப் பார்த்தேன். எனக்கு மலையாளம் நன்றாகவே படிக்க வரும். ஆனால் அரை மணி நேரம் நின்றும் ஒரு வார்த்தைகூடப் பிடிபடவில்லை. என்னதான் எழுதியிருக்கிறார்?
(வாசகி, மார்த்தாண்டம்)

பதில்: படிக்கிற மாதிரி ஒன்றும் எழுதவில்லை. உங்கள் மலையாளத்தில் குறையே இல்லை, கவலைப்படாதீர்கள்.

நீங்கள் பார்த்தது ‘சொற்களும் குறியீடுகளும்’ வரிசைப் படங்களாக இருக்கும். 1963இல், சென்னை ஓவியக் கல்லூரியின் முதல்வராக இருந்தபோது அவர் தொடங்கியது. முதலில் அவரை இழுத்தவை எண்களும் அல்ஜீப்ராக் குறிகளும்தான். கணக்குப் போடும்போது அவை தாளில் வரி வரியாக இறங்குமே, அந்த அழகு. அப்புறம் மலையாள எழுத்தின் சுழிகள், ஜாதகக் கட்டங்கள், தாந்திரிக வடிவங்கள் எல்லாம் வந்து சேர்ந்தன. எழுத்தின் ஓட்டத்தை வைத்துக்கொண்டு அர்த்தத்தைக் கழற்றிவிட்டார்.

எனக்கு இந்தப் படங்கள் புரிந்தது என் பாட்டியின் டிரங்குப் பெட்டியால். அதில் நான்கு மூலையிலும் மஞ்சள் தடவிய ஒரு ஜாதக நோட்டு இருந்தது. எனக்கு அப்போது எழுத்துக்கூட்டக்கூடத் தெரியாது. கட்டங்களுக்குள் நெருக்கியடித்த கிறுக்கல்களைப் பார்ப்பேன். யாருடைய ஆயுளோ அதற்குள் இருக்கிறது என்று மட்டும் தெரியும், தொடவே பயம். பணிக்கரின் வெளிறிய தளத்தையும் அதன்மேல் பொடிப்பொடியாக விழுந்த நிறங்களையும் முதன்முதலில் பார்த்தபோது அதே பயம் வந்தது.

நானும் இதைச் செய்துபார்த்து மாட்டிக்கொண்டேன். கல்லூரி முடித்த புதிதில் ஒரு கேன்வாஸில் என் நிஜ ஜாதகத்தையே வரைந்து வைத்தேன். பின்னால் அருமையான காவி. மூன்று நாள் அரைத்துக் குழைத்த நிறம். பார்க்க வந்த நண்பருக்கு ஜோதிடம் தெரியும். படத்தின் முன் நின்று, “ஏழில் ராகு. கல்யாணம் தள்ளிப்போகுமே” என்றார். காவியை அவர் பார்க்கவே இல்லை. (கல்யாணம் தள்ளித்தான் போனது. அது வேறு கதை.)

படிக்க முடிந்தால் கண் படிக்கப் போய்விடும். பணிக்கர் அந்தக் கதவைச் சாத்திவிட்டார். அடுத்த முறை போனால், தெரியாத ஊர்க் கல்வெட்டைப் பார்ப்பதுபோலப் பாருங்கள்.

கேள்வி: என் மகன் ஒரு டி-ஷர்ட் வாங்கியிருக்கிறான். குழந்தை கிறுக்கியதுபோல மூன்று முனைக் கிரீடம், பக்கத்தில் அடித்துவிட்ட சொற்கள். இதுவும் ஓவியமாம்! விலை வேறு அதிகம்.
(வாசகர், திருப்பூர்)

பதில்: ழான்-மிஷேல் பாஸ்கியா. நியூயார்க், புரூக்ளினில் 1960இல் பிறந்து 27 வயதில் இறந்துபோன கறுப்பின ஓவியர். அந்தக் கிரீடத்தைக் கறுப்பினக் குத்துச்சண்டை வீரர்களுக்கும் ஜாஸ் கலைஞர்களுக்கும் சூட்டினார். இவர் பணிக்கருக்கு நேர் எதிர்: படிக்கிற மாதிரியே எழுதுவார், பிறகு மேலே ஒரு கோடு இழுப்பார். அடித்த சொல்லைத்தான் நாம் குனிந்து பார்ப்போம் என்பது அவர் கணக்கு. நீங்களும் குனிந்து பார்த்திருப்பீர்கள்.

சட்டையை உள்பக்கம் திருப்பித் துவைக்கச் சொல்லுங்கள். என் மகளுடையதில் இரண்டே மாதத்தில் கிரீடம் உதிர்ந்துவிட்டது.