கேள்வி–பதில்: கதவுக்கு மேலே ‘இன்ஃபன்ட்ஸ்’

கேள்வி: லண்டனில் என் பேரன் படிப்பது மூன்று மாடிச் செங்கல் கட்டடம். ஒரு வாசலுக்கு மேல் ‘இன்ஃபன்ட்ஸ்’, மற்ற இரண்டில் ‘கேர்ள்ஸ்’, ‘பாய்ஸ்’ என்று கல்லில் செதுக்கியிருக்கிறார்கள். ஜன்னல்கள் எல்லாம் எட்டாத உயரத்தில். சின்னப் பிள்ளைகள் படிக்கிற இடத்தை ஏன் இப்படிக் கட்டினார்கள்? (ஈஸ்ட் ஹாம் வாசகி)

‘இன்ஃபன்ட்ஸ்’ என்றால் பள்ளியின் சின்னப் பிள்ளைகள் பிரிவு. நீங்கள் சொல்கிற அடையாளங்களைப் பார்த்தால் அது பழைய போர்டு ஸ்கூல், அதாவது பள்ளி வாரியம் கட்டிய பள்ளிதான். 1870-ல் அமைச்சர் ஃபாஸ்டர் கொண்டுவந்த கல்விச் சட்டத்தின்படி, பள்ளி போதாத ஊர்களில் தேர்தல் வைத்துப் பள்ளி வாரியம் அமைத்து வரிப்பணத்தில் பள்ளி கட்ட முடிந்தது. லண்டன் வாரியத்துக்குக் கட்டடக் கலைஞராக வந்தவர் ஈ. ஆர். ராப்சன். ஏழைகள் நெருக்கியடித்து வாழ்ந்த தெருக்களில் நிலம் கிடைப்பது குதிரைக்கொம்பு என்பதால் மேலே மேலே எழுப்பினார்கள்: வழக்கமாகக் கீழ்த்தளத்தில் சின்னப் பிள்ளைகள், அதற்கு மேல் பெண்கள், உச்சியில் பையன்கள். ஐந்து வயதுப் பிள்ளையைத் தினமும் மாடிப்படி ஏறவிட வேண்டாம் என்பதுதான் கணக்கு. இடமே இல்லாத சில பள்ளிகளில் விளையாட்டு முற்றத்தை மொட்டை மாடிக்குக் கொண்டுபோய்விட்டார்கள்.

ஜன்னல் உயரத்துக்குக் காரணம் இரண்டு. உயரமான ஜன்னல் என்றால் வெளிச்சம் அறையின் உள்கோடி வரை போகும்; கூடவே, தெருவில் போகிற குதிரைவண்டியைப் பார்த்துப் பிள்ளையின் கவனம் சிதறாது. வெளிச்சம் இடப்பக்கமிருந்து வரவேண்டும் என்றும் பார்த்துக்கொண்டார்கள், வலது கையால் எழுதும்போது கையின் நிழல் எழுத்தின் மேல் விழாமல் இருக்க. இடது கைக்காரப் பிள்ளை என்ன செய்யும் என்று கேட்டுவிடாதீர்கள், அந்தக் காலத்தில் அதை அதட்டி வலது கைக்கு மாற்றிவிடுவார்கள்!

கேள்வி: இந்த வயதுப் பிள்ளைகளுக்கு விளையாட இடம் விடவேண்டும் என்று முதலில் யாருக்குத் தோன்றியது?

கட்டடத்தை விட முற்றத்தின் கதைதான் எனக்குப் பிடித்தது. ஸ்காட்லாந்தின் நியூ லானர்க்கில் பஞ்சாலை நடத்திய ராபர்ட் ஓவன் 1816-ல் தொழிலாளர் பிள்ளைகளுக்குப் பள்ளி திறந்தபோது, குட்டிப் பிள்ளைகளைப் புத்தகத்தால் தொந்தரவு செய்யாதீர்கள், வெளியே விளையாட விடுங்கள் என்றார். பார்த்துக்கொள்ள அவர் தேர்ந்தெடுத்தவர்கள் ஜேம்ஸ் புக்கனன் என்ற நெசவாளியும் மோலி யங் என்ற ஆலைப் பெண்ணும்.

அப்புறம் வந்தவர் சாமுவேல் வில்டர்ஸ்பின். 1820-ல் லண்டன் ஸ்பிட்டல்ஃபீல்ட்ஸில் பள்ளி தொடங்கி, பின்னால் நாடு முழுக்கச் சுற்றி இந்த முறையைப் பரப்பினார். முற்றத்தில் அவர் கேட்டவற்றைப் பாருங்கள்: நடுவே ஒரு கம்பம், அதன் உச்சியிலிருந்து கயிறுகள், கயிற்றைப் பிடித்துக்கொண்டு பிள்ளைகள் வட்டமாகச் சுற்றலாம். ஓரத்தில் பூப்பாத்தி, பழ மரங்கள். மரம் நிழலுக்கு மட்டும் இல்லை. பழம் கைக்கெட்டும் தூரத்தில் தொங்கும், பறிக்கக்கூடாது. நேர்மையை அப்படித்தான் பழக்க வேண்டும் என்பது அவர் எண்ணம். நான்கு வயதுப் பிள்ளையை வைத்து இப்படியொரு பரீட்சை கொஞ்சம் அநியாயம் என்றுதான் எனக்குப் படுகிறது. ஆனால் முற்றத்தையும் பாடம் நடக்கிற இடமாக நினைத்தாரே, அது பெரிய விஷயம். கிளாஸ்கோவில் டேவிட் ஸ்டோவும் அதே வழியில், முற்றத்தைக் கூரையில்லாத வகுப்பறை என்றே அழைத்தார்.

வகுப்புக்குள்ளே வில்டர்ஸ்பின் வைத்தது கேலரி: படிப்படியாக உயர்ந்துபோகும் பெஞ்சுகள். எல்லா முகமும் ஆசிரியருக்குத் தெரியும், ஆசிரியர் எல்லோருக்கும் தெரிவார். நூறு பிள்ளைகளை ஒரே ஆள் சமாளிக்க வேறு வழி? லிங்கன்ஷரில் பார்ட்டன்-அப்பான்-ஹம்பர் ஊரில் அவர் கை பட்ட 1840-களின் பள்ளி இன்று அருங்காட்சியகம். முற்றத்தையும் சேர்த்துப் பார்க்கலாம்.

கேள்வி: எங்கள் கிராமத்து விக்டோரியா காலத்து இன்ஃபன்ட் ஸ்கூலை மூடப்போகிறார்கள். நிலம் யாருக்குப் போகும்?

பத்திரத்தைப் பார்க்காமல் சொல்ல முடியாது, ஆனால் எதைத் தேடவேண்டும் என்று சொல்கிறேன். 1841-ல் வந்த பள்ளி நில தானச் சட்டம், பண்ணையார்கள் ஏழைப் பிள்ளைகளின் பள்ளிக்காக ஓர் ஏக்கர் வரை நிலம் கொடுப்பதைச் சுலபமாக்கியது. கூடவே ஒரு கொக்கி: பல தானங்களில், நிலம் பள்ளியாக இல்லாமல் போனால் கொடுத்தவர் பக்கமே திரும்பிவிடும். நூறு வருஷம் கழித்து பள்ளி மூடும்போது யார் வாரிசு, எங்கே இருக்கிறார்கள் என்று ஒரே குழப்பம். 1987-ல் இன்னொரு சட்டம் போட்டு, நிலம் தானாகத் திரும்பாது, அறங்காவலர்கள் வாரிசுகளுக்காக அதை வைத்திருப்பார்கள், விற்றால் பணம் வாரிசுகளுக்கு என்று மாற்றினார்கள். ஆக, மூடுகிறவர்கள் கட்டடத்தை நினைத்த விலைக்கு விற்றுக் காசாக்கலாம் என்று நினைத்தால் பத்திரத்தில் இருக்கிற ஒரு வரி குறுக்கே நிற்கலாம். சொத்துச் சட்டம் தெரிந்த வழக்கறிஞரிடம் காட்டுங்கள்.

கேள்வி: என் மகள் பள்ளி தட்டைக்கூரை, கண்ணாடி, தாழ்ந்த ஜன்னல். ராப்சனுக்கு நேர் எதிராக இருக்கிறதே?

எதிர்தான். நடுவில் பார்வையே மாறிவிட்டது. ரேச்சல், மார்கரெட் மெக்மில்லன் சகோதரிகள் 1914-ல் டெட்ஃபோர்டில் தோட்டத்துக்கு நடுவே திறந்தவெளி நர்சரி நடத்தினார்கள். காசநோய்க்குப் பயந்த காலம், காற்றும் வெயிலும்தான் மருந்து. அதன் தாக்கத்தில் அடுத்தடுத்து வந்த பள்ளிகளில் மாடி போய், தோட்டத்துப் பக்கம் மடித்துத் திறக்கும் கண்ணாடிக் கதவுகள் வந்தன. இரண்டாம் உலகப்போர் முடிந்ததும் செங்கலுக்கும் கொத்தனாருக்கும் தட்டுப்பாடு, பிள்ளைகளோ நிறைய. ஹெர்ட்ஃபோர்ட்ஷர் கவுன்சில் தொழிற்சாலையில் செய்த எஃகுச் சட்டங்களைப் பூட்டிப் பள்ளிகளை எழுப்பியது. செஷண்டில் கட்டிய பர்லி இன்ஃபன்ட் ஸ்கூல் அந்த வரிசையின் ஆரம்பம். அங்கே வேலை பார்த்த மேரி, டேவிட் மெட் தம்பதி, கைகழுவும் தொட்டி முதல் நாற்காலி வரை பிள்ளையின் அளவுக்குச் செய்யவைத்தார்கள்.

அவசரத்துக்கு விலையும் இருந்தது. 1950-களிலிருந்து பல தட்டைக்கூரைகளில் போட்ட ‘ராக்’ என்ற இலேசான கான்கிரீட் திடீரென்று இடிந்துவிழலாம் என்று 2023-ல், கோடை விடுமுறை முடியப்போகிற நேரத்தில், இங்கிலாந்தில் நூற்றுக்கும் மேற்பட்ட பள்ளிகளில் கட்டடங்களை மூடச் சொன்னார்கள். உங்கள் பள்ளி பரிசோதனை முடித்ததா என்று தலைமையாசிரியரிடம் கேளுங்கள், தவறில்லை.

கேள்வி: எங்கள் பள்ளியின் வரலாற்றைத் தேடி எழுத ஆசை. எங்கே ஆரம்பிப்பது?

லாக் புக்கில். 1860-களிலிருந்து, அரசு மானியம் வாங்கிய பள்ளிகளின் தலைமையாசிரியர் இந்தக் குறிப்பேட்டை எழுதியே ஆகவேண்டும். பனி கொட்டியது, பாதிப் பேர் வரவில்லை, அம்மை பரவியதால் மூடினோம், அடுப்பு புகைகிறது. இப்படித்தான் இருக்கும், அதில்தான் கட்டடத்தின் நிஜ நிலை தெரியும். பெரும்பாலும் கவுன்ட்டி ஆவணக் காப்பகத்தில் இருக்கும். சமீப கால ஏடுகளில் பிள்ளைகள் பெயர் வருவதால் பார்க்க விடமாட்டார்கள். அடுத்து, ஸ்காட்லாந்து தேசிய நூலக இணையதளத்தில் இலவசமாகக் கிடைக்கிற பழைய ஆர்ட்னன்ஸ் சர்வே (அரசு நில அளவைத் துறை) வரைபடங்களில் 25 அங்குல வரிசையை, அதாவது ஒரு மைலை ஏறக்குறைய 25 அங்குலமாக வரைந்ததை எடுங்கள். முற்றத்தின் குறுக்கே ஒரு கோடு தெரிந்தால் அது அநேகமாகப் பையன்களையும் பெண் பிள்ளைகளையும் பிரித்த மதில், கோடியில் சின்னப் பெட்டிகள் தெரிந்தால் அநேகமாகக் கழிவறைகள்.