57 கிலோமீட்டர்தானே?

கேள்வி: குடும்பத்தோடு அட்லாண்டிக் கடலில் உள்ள போர்த்துகலின் மதீரா தீவுக்குப் போகிறோம். கைவசம் நான்கு நாள். தீவின் நீளமே 57 கி.மீ., அகலம் 22 கி.மீ.தான். வாடகைக் கார் எடுத்து ஒரே நாளில் எல்லா ஊரையும் பார்த்துவிட்டு, மீதி நாளைக் கடற்கரை மணலில் கழிப்பதாகத் திட்டம். சரிதானே?

பதில்: நீளம் பார்த்தீர்கள், அகலம் பார்த்தீர்கள். உயரம்? கடலிலிருந்து நேராக எழுந்து நிற்கிற எரிமலைத் தீவு அது. தலைநகர் ஃபுஞ்சாலில் கடலோரம் காபி குடித்துவிட்டு, முக்கால் மணி நேரத்தில் 1818 மீட்டர் உயரமுள்ள பிக்கோ தோ அரியேரோ சிகரத்தில் காரை நிறுத்தலாம். கீழே அரைக்கைச் சட்டை போதும். மேலே பத்துப் பன்னிரண்டு டிகிரி குறைவு, காற்று வேறு. குழந்தைகளுக்கு ஸ்வெட்டர் இல்லாமல் ஏறாதீர்கள்.

ஒரே நாளில் சுற்ற முடியாதா என்றால், முடியும். மலையைக் குடைந்து அத்தனை சுரங்கச் சாலைகள் போட்டிருக்கிறார்கள். ஆனால் சுரங்கங்களை மட்டும்தான் பார்த்துவிட்டு வருவீர்கள்.

அங்கே திட்டம் போடவேண்டியது தூரத்தை வைத்து அல்ல, மேகத்தை வைத்து. வடகிழக்கிலிருந்து வரும் ஈரக்காற்று நடுவிலுள்ள மலைமுதுகில் மோதி, வடக்குச் சரிவிலேயே மேகமாகித் தங்கிவிடும். தெற்குக் கரையின் ரிபேய்ரா பிராவாவில் வெயிலில் கிளம்பி, சுரங்கத்தைத் தாண்டி வடக்குக் கரையின் சாவ் விசென்ட்டில் தூறலில் இறங்குவது சாதாரணம். ஆனால் உச்சிகள் பல நாள் மேகத்துக்கு மேலே நிற்கும். கீழே மூட்டமாக இருக்கிறதே என்று அறையில் உட்கார்ந்தவர்கள்தான் ஏமாந்தவர்கள். உச்சிகளில் நேரலைக் கேமராக்கள் இருக்கின்றன. காலையில் எழுந்ததும் அதைப் பாருங்கள். மேலே தெளிவா, உடனே அரியேரோ. மூடுபனியா, ஃபனால் காடு. அங்கே முறுக்கிக்கொண்டு நிற்கும் பழைய தில் மரங்களுக்குப் பனிதான் அழகு, வெயிலில் வெறும் மேய்ச்சல் நிலம். (மதீரா என்ற பெயருக்கும் மதுவுக்கும் உறவு தேடவேண்டாம். போர்த்துக்கீசிய மொழியில் மரம், கட்டை என்று பொருள். மது பிறகு வந்தது.)

வடக்கின் மழையைத் தெற்கின் வயலுக்குக் கொண்டுவர வெட்டிய வாய்க்கால்தான் லெவாடா. தண்ணீர் மெல்ல இறங்கவேண்டும் என்பதால் அதையொட்டிய நடைபாதையும் ஏறக்குறைய மட்டமாகவே போகும். இதை நம்பித்தான் பலர் செருப்போடு கிளம்புகிறார்கள். ஏற்றம் இல்லை, சரி. ஆனால் சில இடங்களில் ஒருபக்கம் வாய்க்கால், மறுபக்கம் கிடுகிடு பள்ளம், நடுவில் ஒரு ஆள் நடக்கும் அகலம். கெய்மாதாஸிலிருந்து கல்தெய்ராவ் வெர்தி அருவிக்குப் போக வர 13 கி.மீ. வழியில் இருட்டுச் சுரங்கங்கள், தலை இடிக்கும், கீழே நீர் தேங்கியிருக்கும். ஆளுக்கொரு டார்ச் வேண்டும்; செல்போன் வெளிச்சத்தைப் பிடித்தால் கம்பியைப் பிடிக்கக் கை இருக்காது. சின்னக் குழந்தைகள் இருந்தால் இதை விட்டுவிடுங்கள். கிளம்புமுன் பாதை திறந்திருக்கிறதா என்று அரசுத் தளத்தில் பாருங்கள்: கல் சரிவுக்கும் காட்டுத்தீக்கும் பிறகு மாதக்கணக்கில் மூடுவதுண்டு. கட்டணமும் முன்பதிவும் அங்கேயே.

மணலா? அங்கே கரை என்றால் கருங்கல்லும் கூழாங்கல்லும். கல்யெட்டாவில் மஞ்சள் மணல் உண்டு, மொராக்கோவிலிருந்து கப்பலில் வந்தது. அசல் மணல் வேண்டுமானால் பக்கத்துத் தீவான போர்த்து சாந்துவில் 9 கி.மீ. நீளத்துக்கு இருக்கிறது, கப்பலில் இரண்டரை மணி நேரம். அதைவிட போர்த்து மொனீஷ் போங்கள். எரிமலைக் குழம்பு உறைந்த பாறைக் குளங்களில் கடல்நீரே வந்து நிரம்பும். அலை பெரிதானால் மூடிவிடுவார்கள். அன்று பார்க்கத்தான், குளிக்க அல்ல.

ஊர்களில், சந்தானாவின் கூரை வீடுகளுக்குப் பத்து நிமிடம் போதும். காமரா தெ லோபுஷுக்கு ஒரு மாலை கொடுங்கள். 1950இல் சர்ச்சில் உட்கார்ந்து ஓவியம் தீட்டிய துறை. எஸ்பாதா என்ற கறுப்பு மீனை ஆழ்கடலில் நீளத் தூண்டில் போட்டுப் பிடித்து, பொரித்த வாழைப்பழத்தோடு பரிமாறுவார்கள். முகம் சுளிக்காமல் சாப்பிட்டுப் பாருங்கள். ஃபுஞ்சாலுக்கு மேலே மலையில் உள்ள மோன்ட்டிலிருந்து சாலையில் பிரம்புக்கூடை வண்டியில் சறுக்கினால், அது ஃபுஞ்சால் நகர மையம் வரை வராது, பாதி வழியில் லிவ்ரமென்ட்டோவில் நின்றுவிடும். டாக்சிக்காரர்கள் அங்கேதான் காத்திருப்பார்கள்.

இன்னொன்று, நீங்கள் கேட்காதது. விமான நிலையத்தின் ஓடுபாதையில் ஒரு பகுதி கடலோரம் தூண்கள்மேல் நிற்கிறது. குறுக்குக்காற்று அடித்தால் விமானத்தை இறங்கவிடமாட்டார்கள். போர்த்து சாந்துவுக்கோ லிஸ்பனுக்கோ திருப்பிவிடுவார்கள். எனவே மதீராவிலிருந்து கிளம்பும் அன்றே ஊருக்குத் திரும்பும் விமானத்தைப் பிடிப்பதாக டிக்கெட் போட்டிருந்தால், இன்றே மாற்றுங்கள்.