ஊசி போட்டால் பிள்ளை கட்டையாகுமா?

வாசகர் கேள்விகளுக்குப் பதில் தருபவர்: மட்டக்களப்பு கல்லடியில் வசிக்கும் ஓய்வுபெற்ற குழந்தை வைத்தியர்

கேள்வி: என் மகனுக்கு 13 வயது. 9 வயதில் சீனி வருத்தம் என்று கண்டு, அன்றிலிருந்து இன்சுலின் ஊசி போடுகிறோம். இரண்டு வருடமாக உயரமே ஏறவில்லை. வகுப்பில் முன்வாங்கில் இருத்துகிறார்கள். "இந்த ஊசிதான் பிள்ளையைக் கட்டையாக்கிப் போட்டுது, நிப்பாட்டிப்போட்டு நாட்டு மருந்து குடு" என்று மாமி ஒற்றைக்காலில் நிற்கிறா. நான் என்ன செய்ய?
– ஒரு தாய், களுவாஞ்சிகுடி

பதில்: தங்கச்சி, ஊசியை ஒரு வேளைகூட நிறுத்த வேண்டாம். மாமியோடு சண்டையும் வேண்டாம். பிள்ளை வளரவில்லை என்பதை அவர் சரியாகக் கண்டிருக்கிறார், காரணத்தைத்தான் தலைகீழாகச் சொல்கிறார். உங்கள் மகன் கட்டையாக இருப்பதற்கு இன்சுலின் காரணம் என்றால், அது கூடியதால் அல்ல, போதாமல் போனதால்தான் இருக்கும்.

பெரியவர்களுக்கு வரும் சீனி வருத்தம் வேறு, இது வேறு. இந்தப் பிள்ளைகளின் கணையத்தில் இன்சுலின் சுரக்கும் கலங்களை உடம்பின் எதிர்ப்புச் சக்தியே அழித்து விடுகிறது. ஊசியை நிறுத்தினால் சில நாட்களுக்குள்ளேயே உயிருக்கு ஆபத்து. 1922 ஜனவரியில் கனடாவின் டொரொன்டோ நகரில் முதன்முதலாக இன்சுலின் ஏற்றப்பட்ட லெனார்ட் தொம்சனுக்கு 14 வயது. எடை 30 கிலோ அளவுதான், எலும்பும் தோலுமாகக் கிடந்த பிள்ளை. ஊசிக்குப் பிறகு இன்னும் 13 வருடம் இருந்தான். அதற்கு முன்பு இந்த நோய் வந்த பிள்ளைகள் பெரும்பாலும் ஓரிரு வருடத்துக்குள் இறந்து போனார்கள்.

சரி, ஊசி கிடைத்தும் சில பிள்ளைகள் ஏன் வளரவில்லை? 1930 இல் பிரான்ஸ் வைத்தியர் பியர் மோரியாக் இதை எழுதி வைத்தார். இன்சுலின் உயிரைக் காத்தது, ஆனால் அளவு போதவில்லை. பிள்ளைகள் கட்டையாக, ஈரல் வீங்கி, வயிறு உப்பி இருந்தார்கள். காரணம் பின்னர்தான் விளங்கியது. தலைக்குள் இருக்கும் பிட்யூட்டரி சுரப்பி வளர்ச்சி ஹோர்மோனை அனுப்புகிறது. ஈரல் அதை வாங்கி ஐஜிஎஃப்-1 என்ற இன்னொரு பொருளைச் செய்கிறது. எலும்பை நீளச் செய்வதில் அதற்குப் பெரிய பங்கு. ஈரல் அந்த ஹோர்மோனை வாங்க வேண்டுமென்றால் இன்சுலின் வேண்டும். உன்னிச்சைக் குளம் நிறைந்து நிற்கிறது, துருசு திறக்கவில்லை, வயல் காய்கிறது. அந்தத் துருசைத் திறப்பது இன்சுலின். ரத்தத்தைச் சோதித்தால் வளர்ச்சி ஹோர்மோன் கூடத்தான் இருக்கும், ஐஜிஎஃப்-1 குறைந்திருக்கும்.

அப்படியென்றால் இன்சுலின் எங்கே போதாமல் போகிறது என்று தேட வேண்டும். 9 வயதில் எழுதித் தந்த அளவையே இன்னும் போடுகிறீர்களா? எடை கூடினால், பருவம் வந்தால், அளவும் கூட வேண்டும். மகனின் தொடையையும் வயிற்றையும் விரலால் தடவிப் பாருங்கள். நோகாது என்பதற்காகப் பிள்ளைகள் ஒரே இடத்தில் குத்திக் குத்தி அங்கே கட்டி கட்டியாகத் தடித்துப் போயிருக்கும். அந்தக் கட்டிக்குள் போடும் இன்சுலின் ஒழுங்காக உடம்பில் சேராது. இதை எத்தனையோ பிள்ளைகளில் கண்டிருக்கிறேன், கேட்காவிட்டால் ஒருவரும் காட்ட மாட்டார்கள்.

அடுத்தது நம்முடைய வெயில். திறக்காத போத்தல் பிரிட்ஜில் இருக்க வேண்டும், உறையும் பெட்டிக்குள் வைக்கக் கூடாது. திறந்த போத்தலை வெளியே வைத்தால் நான்கு கிழமைக்கு மேல் பாவிக்க வேண்டாம். பிரிட்ஜ் இல்லாத வீட்டில் பெரிய மண்சட்டிக்குள் ஈர மணல் போட்டு, அதற்குள் சின்ன முட்டியை இறக்கி, போத்தலைப் பொலித்தீனில் சுற்றி உள்ளே வைத்து, காற்றோட்டமான நிழலில் வையுங்கள். மணல் காயாமல் பார்த்துக்கொண்டால் போதும். தகரக் கூரைக்குக் கீழே அலுமாரியின் மேல்தட்டில் வைத்த இன்சுலினை நம்ப முடியாது.

வைத்தியரிடம் போகும்போது மூன்று சோதனை கேளுங்கள். ஒன்று எச்பிஏ1சி, கடந்த இரண்டு மூன்று மாதச் சீனியைச் சொல்லும். இது 7 சதவீதத்துக்குக் கீழே வருவது பொதுவான இலக்கு. மற்றது தைரொயிட், இந்தப் பிள்ளைகளில் அதுவும் பழுதாவது உண்டு, உயரத்தையும் நிறுத்தும். மூன்றாவது, கோதுமை ஒத்துக்கொள்ளாத சீலியக் நோய்க்கான ரத்தச் சோதனை. 13 வயது ஆண்பிள்ளைக்கு எலும்பு நுனியில் உள்ள வளரும் பகுதி இன்னும் மூடியிருக்காது. சீனி கட்டுக்குள் வந்தால் விட்ட உயரத்தில் கணிசமானதைப் பிடிப்பான். மாமியையும் கிளினிக்குக்குக் கூட்டிப் போங்கள், வைத்தியர் வாயால் கேட்கட்டும்.

கேள்வி: வளர்ச்சி ஹோர்மோன் நிறைய இருந்தும் உயரம் ஏறாத நோய் உண்டென்று போன இதழில் ஒரு வரி எழுதியிருந்தீர்கள். அதைக் கண்டவர் யார்? என் உயர்தர மாணவருக்குச் சொல்ல வேண்டும்.
– விஞ்ஞான ஆசிரியர், அக்கரைப்பற்று

பதில்: சேர், அவர் பெயர் ஸ்வி லாரோன். 1927 இல் அன்றைய ருமேனியாவில் பிறந்து, உலகப் போருக்குப் பிறகு இஸ்ரேலுக்குப் போனவர். 1958 இல் ஒரே குடும்பத்துப் பிள்ளைகள் மூன்று பேர் அவரிடம் வந்தார்கள். மிகவும் கட்டை, ஆனால் உடல் கொழுகொழுவென்று இருந்தது. பிட்யூட்டரி வேலை செய்யவில்லை என்று எவருமே நினைப்பார்கள். ரத்தத்தில் வளர்ச்சி ஹோர்மோனை அளக்கும் முறை 1960களின் தொடக்கத்தில் வந்தபோது அளந்து பார்த்தால், எக்கச்சக்கமாக இருந்தது! 1966 இல் இதைப் புதிய நோயாக எழுதினார்கள். ஹோர்மோனே பழுதா, வாங்கும் இடம் பழுதா என்ற கேள்வி தீர இன்னும் பல வருடம் எடுத்தது. 1984 இல் நோயாளிகளின் ஈரலில் சிறு துண்டெடுத்துப் பார்த்து, ஹோர்மோன் அங்கே ஒட்டவே இல்லை என்று காட்டினார்கள். 1989 இல் மரபணுப் பழுதும் தெரிந்தது. இந்தப் பிள்ளைகளுக்கு வளர்ச்சி ஹோர்மோன் ஊசி போட்டுப் பயனில்லை, ஐஜிஎஃப்-1 ஐயே ஊசியாகக் கொடுக்க வேண்டும்.

மாணவர்களுக்குப் பிடிக்கப்போவது அடுத்த பகுதி. தென்னமெரிக்காவின் எக்குவடோரில், லோஹா மாகாணப் பக்கத்தில், இதே நோயுள்ளவர்கள் ஏறத்தாழ நூறு பேர் இருக்கிறார்கள். ஹைமே குவேரா-அகிரே என்ற வைத்தியர் 99 பேரை 22 வருடம் பின்தொடர்ந்து, 2011 இல் தன் குழுவோடு முடிவை வெளியிட்டார். பலர் பருமன், அப்படியிருந்தும் ஒருவருக்கும் நீரிழிவு இல்லை. புற்றுநோய் ஒரேயொருவருக்கு, அதுவும் உயிரை எடுக்காதது. சாதாரண உயரத்துக்கு வளர்ந்த அவர்களுடைய சொந்தக்காரரில் 5 சதவீதத்தினருக்கு நீரிழிவு இருந்தது. வளர்ச்சி ஹோர்மோன் இன்சுலினுக்கு எதிராக வேலை செய்கிறது என்பதை இதைவிடத் தெளிவாக எந்தப் பாடப்புத்தகமும் காட்டாது.

லாரோன் இந்த ஒரு நோயோடு நிற்கவில்லை. பிள்ளைகளின் நீரிழிவுக்கென்று 1974 இல் உருவான சர்வதேசக் குழுவின் நிறுவனர்களில் அவரும் ஒருவர். வைத்தியர் தனியாகச் சமாளிக்க முடியாது, தாதி, உணவு ஆலோசகர், உளவியலாளர், சமூக சேவையாளர் எல்லோரும் ஒரே மேசையில் இருக்க வேண்டும் என்பது அவர் கட்சி. என்னைக் கேட்டால் அந்த நோயைக் கண்டதைவிட இதுதான் பெரிய வேலை.

இன்னொன்று. லாரோன் கண்ட அந்த நோய் தாய், தகப்பன் இருவரிடமிருந்தும் பழுதான மரபணு வந்தால் மட்டுமே தெரியும் நோய். சொந்தத்துக்குள் கலியாணம் செய்யும் இடங்களில் இப்படியானவை தலைகாட்டும் வாய்ப்புக் கூட. நம் பக்கத்து மச்சான்–மச்சாள் கலியாணங்களைப் பயமுறுத்த இதை எழுதவில்லை. குடும்பத்தில் ஏற்கெனவே ஒரு பிள்ளைக்கு அரிய நோய் இருந்தால், பேச்சுக்கால் தொடங்க முன்பே வைத்தியரோடு கதையுங்கள்.

கேள்வி: மகளுக்கு 12 வயது. பெரிய பிள்ளையான பிறகு இன்சுலின் அளவைக் கூட்டிக்கொண்டே போகிறார்கள். வருத்தம் முற்றி விட்டதா?
– ஒரு வாப்பா, ஏறாவூர்

பதில்: இல்லை. பருவ வயதில் வளர்ச்சி ஹோர்மோன் கூடச் சுரக்கும், அதுவும் முக்கியமாக இரவு ஆழ்ந்த தூக்கத்தில். அது இன்சுலினுக்கு எதிராக வேலை செய்வதால் விடியற்காலையில் சீனி ஏறும். ஆர்ஜென்டீனா விஞ்ஞானி பெர்னார்டோ உசே நீரிழிவுள்ள நாய்களில், இந்த ஹோர்மோனைச் சுரக்கும் பிட்யூட்டரியை எடுத்ததும் நோய் தணிவதைக் காட்டி, 1947 இல் நொபெல் பரிசில் பங்கு பெற்றார். பிள்ளை வளர்ந்து முடிந்த பிறகு அளவு மெல்ல இறங்கும். மாதவிடாயை ஒட்டிய நாட்களில் சீனி ஏறி இறங்கினால் குறித்து வையுங்கள். கொப்பியில் பெரிய எண்ணைக் கண்டு ஏச வேண்டாம் வாப்பா, ஏசினால் அடுத்த கிழமை பொய் எண் எழுதுவா.

கேள்வி: டிவியில் உயரம் கூட்டும் பவுடர் விளம்பரம் வருகிறது. 10 வயது மகனுக்கு வாங்கிக் கொடுக்கலாமா?
– வாசகர், பொத்துவில்

பதில்: காசுக்கு முட்டையும் மீனும் வாங்குங்கள். பட்டினி கிடக்காத பிள்ளையை எந்தப் பவுடரும் உயர்த்தாது.

அதற்கு முன், பிள்ளை உண்மையில் கட்டையா என்று பாருங்கள். தகப்பன், தாய் உயரங்களைக் கூட்டி, ஆண்பிள்ளை என்றால் 13 சென்டிமீட்டர் சேர்த்து, பெண்பிள்ளை என்றால் 13 கழித்து, இரண்டால் பிரியுங்கள். தகப்பன் 165, தாய் 152 என்றால் மகன் 165 க்குக் கிட்ட வருவான், எட்டு சென்டிமீட்டர் அளவு கூடலாம், குறையலாம். ஒரு வருடத்தில் எவ்வளவு ஏறினான் என்பது இதைவிட முக்கியம். 4 வயதிலிருந்து பருவம் வரை வருடத்துக்கு 5, 6 சென்டிமீட்டர் சாதாரணம். 4 க்குக் கீழே என்றால் வைத்தியரிடம் போக வேண்டும்.

மருத்துவமாது தந்த வளர்ச்சிப் பதிவேட்டை 5 வயதோடு அலுமாரியில் பூட்டி விடுகிறோம். அதை எடுத்து வெளியே வையுங்கள். செருப்பில்லாமல், குதி சுவரில் முட்ட நிற்க வைத்து, தலையில் தட்டையான புத்தகத்தை வைத்து, ஆறு மாதத்துக்கு ஒருமுறை அளந்து பாருங்கள். எனக்கு எழுதும்போது உயரத்தை மட்டும் எழுத வேண்டாம், அளந்த திகதியையும் எழுதுங்கள்.