தம்பிக்குச் சிறுகுடல் மாற்று இப்போதே வேண்டுமா?

கேள்வி: பாலக்காடு மாவட்டம் கொழிஞ்சாம்பாறையில் இருக்கிறோம். குடலுக்குப் போகும் ரத்தக்குழாய் அடைத்து, ஐந்து மாதத்துக்கு முன் என் தம்பியின் (38) சிறுகுடலில் பெரும்பகுதியை எடுத்துவிட்டார்கள். மிச்சம் 70 செ.மீ. அதைப் பெருங்குடலோடு இணைத்திருக்கிறார்கள். சத்தெல்லாம் கழுத்துக் குழாய் வழியாகத்தான் ஏறுகிறது. என் குடலில் கொஞ்சம் கொடுத்து மாற்று சிகிச்சை செய்யலாமா டாக்டர்?

பதில்: கொடுக்கச் சட்டம் அனுமதிக்கிறது, சகோதரி. உடன்பிறந்தவர் நெருங்கிய உறவில் வருவார். ஆனால் அந்த இடத்துக்கு நாம் இன்னும் வரவில்லை.

பெருங்குடல் கூட இருந்தால், 60 செ.மீ. அளவு சிறுகுடல் உள்ள பலர் நாளடைவில் ட்ரிப்ஸ் இல்லாமல் சமாளிக்கிறார்கள். மிஞ்சிய குடல் பழகிக்கொள்ள இரண்டு வருடம்கூட ஆகும். ஐந்து மாதம் குறைவு. வெறும் தண்ணீர், டீ, சர்பத் என்று குடம் குடமாகக் குடிக்க விடாதீர்கள், வயிற்றுப்போக்கு கூடும். ஓ.ஆர்.எஸ். பொட்டலத்தை ஒரு லிட்டர் தண்ணீரில் கரைத்து, மடக்கு மடக்காகக் கொடுங்கள். உணவும் சிறுகச் சிறுக, ஆறேழு வேளை.

அமெரிக்காவில் 2007-இல் உச்சத்தைத் தொட்ட சிறுகுடல் மாற்றுகள் பிறகு பாதியளவுக்குக் குறைந்தன. காரணம், குடலைத் தேற்றும் சிகிச்சையும் ட்ரிப்ஸ் பராமரிப்பும் மேம்பட்டதுதான். மிஞ்சிய குடல் சத்தை நன்றாக உறிஞ்ச உதவும் டெடுக்ளூடைட் என்ற ஊசியும் 2012-இல் வந்தது, விலை மிக அதிகம். மாற்றுக் குடலோ கிருமியும் நோய் எதிர்ப்பு அணுக்களும் நிறைந்த உறுப்பு. உடல் அதைச் சுலபத்தில் ஏற்காது. நிராகரிப்பைக் காட்ட நம்பகமான ரத்தப் பரிசோதனை இல்லாததால், முதல் வாரங்களில் அடிக்கடி குழாய் விட்டுச் சதை எடுத்துப் பார்ப்போம். முதல் வருடத்தை முக்கால்வாசிப் பேர் கடக்கிறார்கள். ஐந்து வருடத்தில் ஏறக்குறைய பாதிக் குடல்களே வேலை செய்கின்றன.

அதற்காகக் கடைசிவரை காத்திருக்கவும் வேண்டாம். கல்லீரல் கெட ஆரம்பித்தாலோ, குழாய் போட ரத்தநாளம் கிடைக்காமல் போனாலோ, குழாயில் கிருமி திரும்பத் திரும்ப வந்தாலோ மாற்று அவசியமாகிவிடும். நோயாளியை மிகத் தாமதமாகக் கூட்டிவருவதுதான் எனக்குப் பெரிய வருத்தம். கொச்சியிலும் சென்னையிலும் இந்த அறுவை நடந்திருக்கிறது. இப்போதே ஒரு குழுவிடம் காட்டிப் பதிந்து வையுங்கள். எவ்வளவு குடல் மிச்சம் என்று எழுதிய ஆபரேஷன் குறிப்பைக் கையோடு கொண்டு போங்கள். ரத்தம் ஏன் உறைந்தது என்பதையும் கண்டுபிடிக்கச் சொல்லுங்கள். அது தெரியாவிட்டால் புதுக் குடலின் குழாயும் அடைக்கலாம்.

அப்புறம், ட்ரிப்ஸ் ஏற ஆரம்பித்ததும் குளிர்நடுக்கம் வந்தால் குழாயில் கிருமி இருக்கலாம்; உடனே நிறுத்திவிட்டு, நடுராத்திரியானாலும் ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப் போங்கள். பாராசிட்டமால் கொடுத்து விடியும்வரை பார்க்காதீர்கள்.