வாசகர் கேட்டவை: தோற்றால் கோச்சைத்தான் மாற்ற வேண்டுமா?

ஐயா, ஸ்காபரோவில் இருக்கும் அண்ணாவின் பெடியன்கள் இருவருக்கும் ரொறன்ரோ மார்லீஸ் என்ற ஐஸ் ஹொக்கி அணி என்றால் உயிர். அணி அடுத்தடுத்து இரண்டு ஆட்டம் தோற்றால் எங்கள் குடும்ப வட்ஸ்அப் குழுவில் சண்டைதான். கோச்சை அனுப்ப வேண்டும் என்பான் மூத்தவன். நல்ல ஆட்டக்காரரை மேல் அணி கொண்டுபோனால் கோச் என்ன செய்வார் என்பான் இளையவன். "சித்தப்பா, நீங்களே சொல்லுங்கோ" என்று என்னைப் பிடித்துவிட்டார்கள். நான் என்ன சொல்ல? (வட்டக்கச்சி வாசகர்)

நான் இளையவன் பக்கம். மூத்தவன் சொல்வதிலும் ஞாயம் இருக்கிறது, அதைப் பிறகு சொல்கிறேன்.

மார்லீஸ் தனக்காக மட்டும் விளையாடுகிற அணி இல்லை. அமெரிக்கன் ஹொக்கி லீக்கில் 32 அணிகள், ஒவ்வொன்றும் என்.எச்.எல். என்ற பெரிய லீக்கின் ஓர் அணியோடு இணைந்தது, மார்லீஸுக்கு மேலே இருப்பது மேப்பிள் லீஃப்ஸ். அங்கே ஒருவருக்குக் காயம் என்றால் கீழே ஃபோன் வரும், அன்றிரவு கோல் அடிப்பான் என்று ரசிகர்கள் நம்பியிருந்த பெடியன் பையைத் தூக்கிக்கொண்டு மேலே போய்விடுவான். நீங்கள் வட்டக்கச்சிக்காரர், மிளகாய் நாற்றுமேடை உங்களுக்குப் புதிதில்லை. நன்றாக நிமிர்ந்த நாற்றைத்தான் முதலில் பிடுங்குகிறோம். பிடுங்கிய பிறகு மேடை ஏன் இப்படி வெறிச்சென்று கிடக்கிறது என்று தண்ணீர் ஊற்றியவரோடு சண்டைக்குப் போவோமா?

கோச்சையே பிடுங்கிக்கொண்டு போவதும் உண்டு. 2018இல் டெக்ஸஸ் ஸ்டார்ஸோடு இறுதித் தொடரில் ஏழாவது ஆட்டம் வரை போய் மார்லீஸ் அந்த லீக்கின் கால்டர் கிண்ணத்தை வென்றது, அப்போது கோச் ஷெல்டன் கீஃப். 2019 நவம்பரில் லீஃப்ஸ் தன் கோச்சை நீக்கியதும் அவரை மேலே அழைத்துக்கொண்டது. ஜோன் கூப்பரும் அப்படித்தான்: 2012இல் அதே லீக்கின் நோர்ஃபோக் அணியைத் தொடர்ந்து 28 ஆட்டம் வெல்ல வைத்துக் கிண்ணமும் எடுத்தார், அடுத்த வருடமே என்.எச்.எல்.லின் டாம்பா பே அணிக்குக் கோச், பிறகு 2020, 2021 என்று அடுத்தடுத்து அந்தப் பெரிய லீக்கின் ஸ்டான்லி கிண்ணம்.

ஆனால் என் மனதில் நிற்பவர் றோய் சொமர். அந்த லீக்கின் வரலாற்றிலேயே அதிக வெற்றி பெற்ற கோச் அவர், 800க்கு மேல். கோச்சாகக் கால்டர் கிண்ணம் ஒருமுறையும் கிடைக்கவில்லை. அவரிடம் ஆடிப் பழகி என்.எச்.எல். வரை போனவர்கள் 150 பேருக்கு மேல்! கிண்ணத்தை மட்டும் வைத்து அளந்தால் இந்த மனிதர் வெறுங்கையோடு போனவர் ஆகிவிடுவார். அது அநியாயம் இல்லையா?

சரி, மூத்தவனுடைய ஞாயம். ஒக்டோபரில் செய்த பிழையையே ஜனவரியிலும் அதே ஆட்கள் செய்துகொண்டிருந்தால், எதிரணியில் ஒருவன் தண்டனையில் வெளியே உட்கார்ந்திருக்கிற நேரத்திலும் ஒரு நல்ல அடி வராவிட்டால், அதற்குக் கோச்தான் பதில் சொல்ல வேண்டும். மேல் அணி ஆளை எடுத்தது என்ற சாட்டு அங்கே செல்லாது. பெடியன்களிடம் சொல்லுங்கள், ஆளுக்கொரு இளம் ஆட்டக்காரனைப் பிடித்துக்கொண்டு பருவத்தின் 72 ஆட்டங்களிலும் அவனைக் கவனிக்கட்டும். அவன் வளர்ந்தானா, நின்ற இடத்திலேயே நிற்கிறானா என்று பார்த்துவிட்டு அப்புறம் சண்டை பிடிக்கட்டும்.

அனுபவம் உள்ள பழைய ஆட்டக்காரர்களையே நிறைய எடுத்துப் போட்டால் இலகுவாக வெல்லலாமே? (முள்ளியவளை வாசகர்)

விதி விடாது. கோல்காப்பாளரைத் தவிர்த்து ஓர் ஆட்டத்துக்கு இறங்கும் 18 பேரில் 13 பேர் வளர்ந்துவரும் ஆட்டக்காரராக இருக்க வேண்டும். அதிலும் 12 பேர், பருவம் தொடங்கும்போது 260 தொழில்முறை ஆட்டங்களைத் தாண்டாதவர்கள். பிழை விடும் வயதுக்காரரை வைத்துத்தான் கோச் வெல்லப் பார்க்க வேண்டும். ரசிகர்கள் இதைத் தெரிந்துகொண்டு பேசினால் பாதிச் சண்டை குறையும்.

கடைசி இரண்டு நிமிடத்தில் கோல்காப்பாளரையே வெளியே எடுக்கிறார்களே, இது என்ன விளையாட்டு? (வவுனியா வாசகி)

பயப்படாதீர்கள் அக்கா, கணக்கோடு செய்வதுதான். ஒரு கோலால் பின்தங்கியிருக்கும் அணி காப்பாளரை எடுத்துவிட்டு அவருக்குப் பதிலாகக் கோல் அடிக்க ஆறாவது ஆட்டக்காரரை இறக்கும். ஒரு கோலால் தோற்றாலும் இரண்டு கோலால் தோற்றாலும் புள்ளி பூச்சியம்தான், ஆனபடியால் துணியலாம்.

எங்கள் ஊர் உதைபந்தாட்டக் கழகம் இரண்டு சுற்றுப்போட்டிகளில் முதல் ஆட்டத்திலேயே வெளியேறிவிட்டது. பயிற்றுநரை மாற்ற நிர்வாகம் கூடப்போகிறது. அவர் சம்பளம் வாங்காமல் பழக்குகிறவர். நான் எந்தப் பக்கம் நிற்பது? (மாங்குளம் வாசகர்)

தம்பி, இந்தக் கேள்விக்குத்தான் எனக்கு நெஞ்சு கனத்தது. இதேபோல ஒரு கூட்டத்தில் நானும் கை உயர்த்தியிருக்கிறேன். எங்கள் கழகத்தின் நல்ல பெடியன்கள் மூன்று பேர் ஒரே வருடத்தில் போய்விட்டார்கள், ஒருவன் கொழும்பில் வேலைக்கு, மற்ற இருவரும் வெளிநாட்டுக்கு. மிச்சம் இருந்தவர்கள் பள்ளிக்கூடப் பெடியன்கள். தோற்றோம். பயிற்றுநரை நிறுத்தினோம். வந்த புதியவர் வெளியூரிலிருந்து ஐந்து பேரைக் கூட்டிவந்து ஒரு கிண்ணம் எடுத்துத் தந்தார், அதைத் தூக்கிக்கொண்டு ஊர்வலமும் போனோம். அடுத்த வருடம் அந்த ஐந்து பேரும் இல்லை, வாங்கில் உட்கார வைக்கப்பட்ட எங்கள் சின்னப் பெடியன்களும் மைதானத்துப் பக்கம் வரவில்லை. மாலை ஐந்து மணிக்கு அந்தக் கம்பங்களுக்கு நடுவில் மாடு மேய்ந்ததை நான் பார்த்தேன். பழைய பயிற்றுநரை வழியில் கண்டால் இன்றைக்கும் எனக்கு முகம் கொடுக்க முடியவில்லை.

மார்லீஸுக்கு மேலே லீஃப்ஸ் இருக்கிறது, ஆளை எடுத்தாலும் போகப் போக அங்கிருந்தே இன்னொருவன் வருவான். வன்னிக் கழகத்திலிருந்து போகிற பெடியனுக்குப் பதிலாக ஒருவரும் வருவதில்லை, அடுத்தவனை நாங்களேதான் பத்து வயதிலிருந்து வளர்த்தெடுக்க வேண்டும். அதைச் சம்பளம் இல்லாமல் செய்கிற ஒருவரை இரண்டு தோல்விக்காக அனுப்பச் சொல்லி என்னால் எழுத முடியாது.

கூட்டத்துக்கு முன் ஒரு வேலை செய்யுங்கள். போட்டி இல்லாத ஒரு செவ்வாய்க்கிழமை மாலை மைதானத்துக்குப் போய், பதினாறு வயதுக்குக் கீழே எத்தனை பேர் பழக வந்திருக்கிறார்கள் என்று எண்ணுங்கள். எண்ணியதைக் கூட்டத்தில் எழும்பிச் சொல்லுங்கள், எனக்கும் எழுதுங்கள்.