அபிமானப் பாடகரின் சிறு கச்சேரியில் மேடைப் பணி: எங்கிருந்து தொடங்குவது?

வாசகர் கேள்வி: நான் பல ஆண்டுகளாகக் கேட்டுவரும் கர்நாடக இசைப் பாடகர் ஒருவர், அடுத்த மாதம் எங்கள் பகுதியில் நூறு பேர் அமரும் சிறு அரங்கம் ஒன்றில் பாடவிருக்கிறார். சபாவில் ஆள் போதவில்லை என்றதால் மேடை வேலைகளுக்கு உதவுவதாக ஒப்புக்கொண்டேன். பாட்டுக் கேட்டுப் பழக்கமே தவிர, தம்புராவையோ மைக்கையோ தொட்டதுகூட இல்லை. எப்படித் தயாராவது? பாடகரிடம் எப்படி நடந்துகொள்வது?

பதில்: சிறு சபாக்களின் மேடைப் பொறுப்பைப் பல ஆண்டுகள் பார்த்தவன் என்ற முறையில், முதலில் ஒன்றைச் சொல்லிவிடுகிறேன். அன்று மேடையில் நீங்கள் காக்க வேண்டியது சுருதியை, அதாவது பாட்டும் வாத்தியங்களும் சேர்ந்து நிற்கும் ஆதார ஒலியை. மற்ற வேலைகளெல்லாம் அதற்குப் பிறகுதான்.

ஒரு வாரம் முன்னதாகவே பாடகரிடமோ அவருடைய சீடரிடமோ இரண்டு விவரங்களைக் கேட்டு எழுதி வைத்துக்கொள்ளுங்கள். முதலாவது, அவர் எந்தக் கட்டையில், அதாவது எந்தச் சுருதி அளவில் பாடுகிறார் என்பது. ஆண் பாடகர்கள் பெரும்பாலும் ஒரு கட்டையை ஒட்டியும், பெண்கள் ஐந்து கட்டையை ஒட்டியும் பாடுவார்கள். சபாவின் தம்புராவைத் தருவதாக இருந்தால், அந்தச் சுருதிக்கு ஏற்ற தந்திகள் அதில் கட்டப்பட்டிருக்கின்றனவா என்பதை முன்கூட்டியே பார்த்துவிட வேண்டும். இரண்டாவது, மிருதங்க வித்வான் இடக்கைப் பழக்கம் உள்ளவரா என்பது. வழக்கமாக மிருதங்கம் பாடகரின் வலப்பக்கத்திலும் வயலின் இடப்பக்கத்திலும் அமைவதற்குக் காரணம், மிருதங்கத்தின் வலந்தலை (வழக்கமாக வலக்கையால் வாசிக்கும் முகம்) ரசிகர்களை நோக்கி இருக்க வேண்டும் என்பதே. வாசிப்பவர் இடக்கைக்காரர் என்றால் இருவரும் பக்கம் மாறி உட்கார வேண்டியிருக்கும். மைக்குகளும் அதற்கேற்ப மாறும். மிருதங்க மேதை பழனி சுப்பிரமணிய பிள்ளை இடக்கைக்காரர் என்பதால், பக்கம் மாறி உட்கார வயலின் கலைஞர்கள் சிலர் தயங்கிய காலமும் உண்டு. இன்று அந்தத் தயக்கம் பெரிதாக இல்லை. ஆனாலும் கலைஞர்கள் மேடையேறிய பிறகு மைக் கம்பிகளை இழுத்து மாற்றுவது எல்லோருக்கும் சங்கடம்.

கச்சேரி நாளன்று பலரும் கவனிக்கத் தவறுவது குளிர்சாதனத்தைத்தான். குளிரில் தந்தி இறுகிச் சுருதி ஏறும், வெப்பத்தில் தளர்ந்து இறங்கும். மிருதங்கத்தின் தோலோ காற்று உலர்ந்தால் இறுகும், ஈரமானால் தொய்யும். மூடிக்கிடந்த அரங்கில் எல்லோரும் சுருதி சேர்த்து முடித்த பிறகு ஒருவர் போய்க் குளிர்சாதனத்தைப் போட்டால், முதலில் பாடும் வர்ணம் முடிவதற்குள் எல்லாம் விலகிப்போகும். ஆகவே, இரண்டு மணி நேரம் முன்பே அதைப் போட்டுவிட்டு, அதே அளவில் கடைசிவரை விட்டுவிடுங்கள். குளிர்காற்று நேராக மேடைமேல் வீசாதபடி திருப்பிவிடுங்கள். ‘குளிர்கிறது’ என்று ரசிகர் யாராவது கேட்டால்கூட, நடுவில் மாற்றும் முன் மேடையிலிருப்பவர்களை நினைத்துப் பாருங்கள்.

தம்புராவைத் தூக்கும்போது ஒரு கை தண்டியிலும் மற்றொரு கை குடத்தின் அடியிலும் இருக்கட்டும். குடத்தின்மேல் தந்திகளைத் தாங்கும் குதிரைக்கும் தந்திக்கும் நடுவே மெல்லிய நூல் ஒன்று தெரியும். அதுதான் ஜீவா. அந்த நூல் மயிரிழை நகர்ந்தாலும் தம்புராவின் ரீங்காரம் செத்துவிடும் என்பதால், துடைக்கும் ஆர்வத்தில்கூட அதன்மேல் விரல் படக்கூடாது. மின்னணுச் சுருதிப் பெட்டி வைத்துக்கொள்பவர் என்றால், அவர் உட்காரும் இடத்துக்கு எட்டும் தூரத்தில் மின் இணைப்பு வேண்டும். கைப்பேசியில் சுருதி போடுபவர் என்றால், அழைப்பு வராத நிலைக்கு அது மாற்றப்பட்டிருக்கிறதா என்று பணிவாக ஒருமுறை நினைவூட்டலாம். மிருதங்கத்தின் மறுமுகமான தொப்பியில் ரவை பூசும் கலைஞருக்குச் சிறு கிண்ணத்தில் தண்ணீர், கை துடைக்க ஒரு பழைய துணி, ஜமக்காளம் பாழாகாமலிருக்க ஒரு செய்தித்தாள் ஆகியவற்றைக் கேட்கும் முன்பே வைத்துவிடுங்கள்.

ஒலியமைப்பை அதற்கென வந்தவரிடமே விட்டுவிடுங்கள். மைக்கைச் செருகும் முன் அந்த இணைப்பின் ஒலியை அடக்க வேண்டும், மைக்கைத் தட்டியோ ஊதியோ பார்க்காமல் பேசித்தான் பார்க்க வேண்டும் என்ற இரண்டு மட்டும் உங்களுக்குத் தெரிந்தால் போதும். பாடகருக்கு எதிரே அவருக்காக வைக்கும் ஒலிபெருக்கி, மைக்கின் முதுகுப்புறத்தில் இருக்க வேண்டும். மைக்கின் வாய் அதை நோக்கித் திரும்பிவிட்டால், ஒலி சுற்றிச் சுற்றி வந்து கூச்சலிடும். நூறு பேர் அறையில் மிருதங்கத்துக்கு ஒலி கூட்டவே வேண்டியதில்லை என்பது என் கருத்து. அதைக் கூட்டினால் பாடகர் தம் குரலைக் கூட்டச் சொல்வார், பிறகு வயலின் கேட்காது, கடைசியில் எல்லாமே இரைச்சலாகிவிடும்.

பாடகர் வந்ததும் வணங்கி, பெயரைச் சொல்லி, ஒப்பனை அறையையும் கழிவறையையும் காட்டிவிட்டு ஒதுங்கிவிடுங்கள். கச்சேரிக்கு முந்தைய அரைமணி நேரத்தை அவர்கள் மனத்துக்குள் பாடிக்கொண்டிருக்கும் நேரமாகவே கருத வேண்டும். நீங்கள் எத்தனை வருட ரசிகர் என்பதையும், எந்த ராகத்தைப் பாட வேண்டும் என்ற விருப்பத்தையும் அப்போது சொல்லாதீர்கள். வெந்நீர் ஃப்ளாஸ்க்கை அவர் கைக்கு எட்டும் இடத்தில் திரை விலகும் முன்பே வைத்து, மூடி எளிதாகத் திறக்கிறதா என்றும் பார்த்துவிடுங்கள். இதை அழுத்திச் சொல்லக் காரணம் உண்டு. ஆரம்ப காலத்தில் ஒருமுறை, நான் போற்றும் பாடகி ஒருவர் தோடி ஆலாபனையில் மேல் சட்ஜத்தில் கண்மூடி நின்றிருந்தபோது, வைக்க மறந்த வெந்நீரை எடுத்துக்கொண்டு மேடையேறினேன். பலகை கிறீச்சிட்டது, அவர் கண் திறந்தார், அந்தச் சட்ஜம் அங்கேயே முடிந்துவிட்டது. அவர் கோபப்படவில்லை, தலையசைத்து வாங்கி வைத்துக்கொண்டார். ஆனால், அதற்குப் பிறகு வந்திருக்க வேண்டிய சங்கதி எதுவாயிருந்திருக்கும் என்று இன்றும் நினைத்துக்கொள்கிறேன்.

தாமதமாக வருபவர்களைப் பாட்டு முடிந்து கைதட்டும்போது மட்டுமே உள்ளே விடுங்கள். மிருதங்கம் தனித்து ஒலிக்கும் தனி ஆவர்த்தனம் தொடங்கியதும் எழுந்து போகும் கூட்டத்தைத் தடுக்க முடியாது. கதவு அடித்துச் சாத்திக்கொள்ளாமல் கையால் பிடித்துக்கொள்ளலாம். கைப்பேசியில் பதிவு செய்பவர்களைப் பொறுத்தவரை, பாடகரின் விருப்பத்தை முன்பே கேட்டு அறிவித்துவிடுவது நல்லது. கலைஞருக்குத் தம் நிகழ்ச்சியின் மீது நம் பதிப்புரிமைச் சட்டப்படி 50 ஆண்டுகளுக்கு உரிமை உண்டு என்பது பலருக்குத் தெரிவதில்லை.

மங்களம் பாடி முடித்து, அவர் தண்ணீர் குடித்து, தம்புரா உறைக்குள் போன பிறகு அருகில் செல்லுங்கள். அன்று அவர் பாடியதில் உங்களைத் தொட்ட ஓர் இடத்தைக் குறிப்பாகச் சொல்லுங்கள்: எந்தப் பாட்டு, எந்த வரி, எந்த நிரவல் என்று. பிறகு, அவருடைய வண்டிவரை தம்புராவைத் தூக்கிச் செல்லும் பொறுப்பு உங்களுடையது.